பாம்புச் சட்டையில் வார்த்த சர்க்கரைக் கைகள்

வெகு வெகு காலத்துக்கு முன்னால், பாம்பு பேசினால் மனுஷன் ஓடாமல் நின்று கேட்ட காலத்தில், செம்மணற்பட்டினம் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அந்த ஊரில் சர்க்கரைப் பொம்மை இல்லாமல் கல்யாணம் கிடையாது. சீர்த் தட்டில் பழம் இருக்கிறதோ இல்லையோ, சர்க்கரையில் வார்த்த கிளி இருக்க வேண்டும், யானை இருக்க வேண்டும், தேர் இருக்க வேண்டும். தாலி ஏறியதும் பிள்ளைகள் யானைக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். அதில்தான் தின்ன நிறைய இருக்கும்.

அந்தப் பொம்மைகளை வார்ப்பவன் பெயர் வடமலை. நல்ல கைகாரன். பாகில் பால் விட்டு அழுக்கெடுத்து, பதம் பார்த்து, மர அச்சின் இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டி ஊற்றினான் என்றால் பளிங்கு மாதிரி வெளுத்து இறுகும். ஆனால் அச்சைப் பிரிக்கிற நேரத்தில்தான் வம்பு. மரமும் வளையாது, சர்க்கரையும் வளையாது. இரண்டு பிடிவாதக்காரர்களை விலக்கிவிடப் போனால் யாருக்காவது மூக்கு உடையத்தானே செய்யும்? கிளிக்கு அலகு போகும், யானைக்குத் தந்தம் போகும். அதற்குப் பயந்தே அந்த ஊர்க் கிளிகளை மாவு உருண்டைக்குக் கண் வைத்த மாதிரி மொழுக்கென்று செய்வார்கள். ஊருக்கு அதில் குறையில்லை. வடமலைக்கு மட்டும் அது மனசை அரித்துக்கொண்டே இருந்தது.

அவன் பெண்டாட்டி பிச்சம்மை பூக் கட்டுகிறவள். வாழைநாரை இடது சுண்டு விரலில் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் முடிச்சுப் போட ஆரம்பித்தால், பேச்சு ஒரு பக்கம் ஓடும், பூ ஒரு பக்கம் ஓடும், இரண்டும் தடுக்காது.

"இந்த மல்லி மொட்டை அப்படியே சர்க்கரையில எடுத்துரணும் பிச்சம்மை. இதழ் இதழா" என்பான் வடமலை.

"எடுத்து? திங்கத்தானே போறாங்க. தொண்டைக்குள்ள போறதுக்கு இதழ் என்ன, காம்பு என்ன?" என்று அவள் சிரிப்பாள்.

ஒருநாள் அவன் அச்சுக்கு மஞ்சக்கடம்பு மரம் தேடிக் காட்டுக்குப் போனான். ஒரு முள்புதருக்குள்ளிருந்து, "ஏ மனுஷா, ஓடிராதே" என்று ஒரு குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால், நீலநிறத்தில் ஒரு பாம்பு. சட்டை உரிக்கும்போது பாதியில் முள்ளில் மாட்டி, தலையோடு சிக்கிக்கொண்டு, கண் தெரியாமல் தவித்தது.

"ஆடாம இரும் நாகராசா, இழுத்தா கிழிஞ்சுரும்" என்றான் வடமலை. பயம் இருந்தது. ஆனாலும் ஒட்டிக்கொண்ட ஒன்றைப் பிரிக்கிற வேலை என்றால் அவன் கை சும்மா இருக்காது. வாயோரத்தில் நகத்தால் மெல்ல நெம்பி, பிள்ளையின் தலைவழியே ஈரச் சட்டையைக் கழற்றுவதுபோல, உள்புறம் வெளியே வரும்படி புரட்டிப் புரட்டி, வால்வரை கிழியாமல் உரித்து எடுத்துவிட்டான்.

எடுத்தவன் பாம்பைப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த சட்டையைத்தான் பார்த்தான். ஒவ்வொரு செதிலும் அதில் இருந்தது. கண்ணை மூடியிருந்த மெல்லிய கண்ணாடிகூட இருந்தது. "வளையிற அச்சு! வளையிற அச்சு!" என்று கூத்தாடாத குறைதான்.

பாம்பு சிரித்தது. "பிடிச்சிருந்தா எடுத்துக்கோ. அது மந்திரச் சட்டை. எவ்வளவு வெட்டினாலும் குறையாது. எது மேல போர்த்தினாலும் ரேகை விடாம வாங்கிக்கும். ஆனா மூணு சொல்லு, மறந்துராதே. உரிச்சா முழுசா உரி. ஊத்தினா ஒரு தரம் ஊத்து. ஊத்தி முடிச்சா ஆத்தோட விடு."

"சரி" என்றான் வடமலை. ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாம்பு சொல்லியிருக்கும், அது ஒன்றும் கல்நெஞ்சுக்காரப் பாம்பு இல்லை. ஆனால் அவன் மனசு அதற்குள் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டிவிட்டது.

முதலில் ஒரு தும்பைப் பூவின் மேல் சட்டைத் துண்டைப் போர்த்தினான். முழுசாக உரித்தான், ஒரு தரம் ஊற்றினான், அச்சை ஆற்றோடு விட்டான். மூச்சுவிட்டால் பறந்துவிடும் போலச் சர்க்கரைத் தும்பை வந்தது. அடுத்து முற்றத்தில் உட்கார்ந்திருந்த தட்டான். அதையும் முழுசாக உரித்தான், ஒரு தரம் ஊற்றினான், அச்சை ஆற்றோடு விட்டான். நிஜத் தட்டான் ஒன்றும் ஆகாமல் பறந்துபோனது. சர்க்கரைத் தட்டானின் இறக்கையில் நரம்பெல்லாம் தெரிந்தது. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஒருத்தருக்கும் தின்ன மனசு வரவில்லை.

சேதி அரண்மனைக்குப் போகாமல் இருக்குமா? ராஜாவின் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த நேரம். அரண்மனை மணியக்காரர் வந்து நின்றார். வயிறு முன்னால் வந்தது, ஆள் பின்னால் வந்தார். அரண்மனையில் எது சமைத்தாலும் ராஜாவுக்கு முன்னால் ருசி பார்ப்பது அவர் வேலை.

"யாரும் கண்டிராத ஒண்ணு வேணுமாம், ராஜா சொல்லிட்டார்" என்றார்.

வடமலை யோசித்தான். எதிரே பிச்சம்மை பாதி கட்டிய சரத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவன் கண் அவள் கையில் நின்றது. மணமாலையை அவள்தான் கட்டுவதாக ஏற்பாடு. அந்தக் கையையே வார்த்தால் என்ன?

பிச்சம்மை கட்டிக்கொண்டிருந்த சரத்தோடு இரண்டு கையையும் நீட்டினாள். அவன் சட்டையைப் போர்த்தினான். "கூச்சமா இருக்குங்க" என்று நெளிந்தாள். "ஆடாதே புள்ளே" என்றான். மணிக்கட்டிலிருந்து விரல்நுனிவரை முழுசாக உரித்தான். பாகை ஊற்றினான். இறுகியதும் உரித்துப் பார்த்தால், அம்மாடி! நகத்தின் பிறை இருந்தது. அரிவாள்மணை கீறிய பழைய தழும்பு இருந்தது. சுண்டு விரலில் சுற்றிய நார் பிரிபிரியாக இருந்தது. ஒரு மொட்டு அப்போதுதான் வாய் திறக்கப் பார்த்தது. வடமலை தன் வாழ்நாளில் அப்படி ஒன்று செய்ததில்லை.

மணியக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார், போன வேகத்தில் திரும்பி வந்தார். "விருந்துக்கு வர்ற ராஜா ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு வேணுமாம்!"

"இன்னொரு தரம் கை வைக்கட்டுமாங்க? எத்தனை தரம் வேணாலும் உக்கார்றேன்" என்றாள் பிச்சம்மை.

இந்த இடத்தில்தான் வடமலை கெட்டான். அச்சு ஆற்றுக்குப் போகாமல் அவன் கையிலேயே இருந்தது. கிழியவில்லை, நையவில்லை, ஒரு சுருக்கம்கூட இல்லை. மறுபடி போர்த்தினால் அந்த மொட்டு அதே மாதிரி வாய் திறக்குமா? நார் அதே மாதிரி விழுமா? நல்ல அச்சைத் தூர எறிவது என்றால் அச்சுக்காரனுக்குப் பெற்ற பிள்ளையைத் தூர எறிகிற மாதிரி. மர அச்சு என்றால் பேரன் காலம்வரை வைத்திருந்து ஊற்றுகிற பரம்பரை அவனுடையது.

"வேண்டாம் பிச்சம்மை, அச்சு நல்லா இருக்கும்போது எதுக்கு?" என்றான்.

இரண்டாம் தரம் ஊற்றினான். மூன்றாம் தரம் ஊற்றினான். தட்டுத் தட்டாக ஊற்றினான். எல்லாம் முதலாவதைவிட நன்றாக வந்தன, ஏதோ உயிர் இருப்பதுபோல. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

பிச்சம்மை வந்தாள். "ஏங்க, அடுப்புல இருந்த கரண்டியைத் தொட்டுட்டேன். தோல் கொப்பளிச்சிருக்கு, சுடவே இல்லை."

"நார் இழுத்து இழுத்துக் காய்ச்சுப் போயிருக்கும். கல்யாணம் முடியட்டும், பாத்துக்கலாம்."

மறுநாள் வந்தாள். "ஏங்க, முடிச்சு நிக்கமாட்டேங்குது. பூவெல்லாம் உதிருது."

"கல்யாணம் முடியட்டும், பாத்துக்கலாம்." நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை பாவி.

அதற்கு அடுத்த நாள் அவள் வரவில்லை. கடைசித் தட்டையும் அரண்மனைக்கு அனுப்பிவிட்டு வடமலை நிம்மதியாக உள்ளே போனான். கூடை நிறைய மணமாலைக்கான பூ அப்படியே இருந்தது. பிச்சம்மை சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தாள். கைகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. தரையிலிருந்து சாரை சாரையாக எறும்பு அவள் மடிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"தட்டி விட முடியலைங்க" என்றாள் பிச்சம்மை. "கை எழும்பலை."

வடமலை எறும்புகளை ஊதினான், துடைத்தான், தலையில் அடித்துக்கொண்டான். அவள் கையைத் தொட்டால் மொரமொரவென்று இருந்தது. எத்தனையோ முறை அவன் விரல் அறிந்த பதம்தான். எறும்பு ஏறாதபடி அவளை ஒரு மணையில் உட்காரவைத்து, சுற்றிலும் தண்ணீர் ஊற்றிவிட்டு, காட்டுக்கு ஓடினான்.

"நாகராசா! நாகராசா! நான் பாவி!"

பாம்பு வெளியே வந்தது. "எத்தனை தரம் ஊத்தினே?"

"எண்ணலை" என்று அழுதான் வடமலை.

"முதல் வார்ப்பு சாயல் மட்டும்தான். அதை யாரும் எடுத்துக்கலாம். அதே அச்சுல மறுபடி ஊத்தினா சாயல் தீர்ந்துபோய், அச்சு உடம்புலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா வாங்க ஆரம்பிக்கும். நீ ஏன்னு கேப்பேன்னு நின்னேன் வடமலை. நீ திரும்பிக்கூடப் பாக்கலை."

"இப்ப என்ன செய்ய?"

"வார்த்ததெல்லாத்தையும் பொழுது சாயறதுக்குள்ள ஆத்துல கரை. அச்சையும் விடு. தண்ணிக்குப் போனது அவ கைக்கு வரும்."

வடமலை வீட்டுக்கு வந்து, பிச்சம்மையைக் கூட்டிக்கொண்டு அரண்மனைக்குப் போனான். கல்யாண வீடு களைகட்டியிருந்தது. விருந்துக் கூடத்தில் இலைக்கு இலை சர்க்கரைக் கைகள் பூச்சரம் ஏந்தி நின்றன. ராஜா காலில் விழுந்து, "எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துருங்க மகாராஜா" என்றான் வடமலை.

"விருந்தாளிகள் படியேறுகிற நேரத்திலா? என்ன விளையாட்டு இது?" என்று ராஜா கோபப்பட்டார். காவலர்கள் வடமலையைப் பிடித்து இழுத்தார்கள்.

பிச்சம்மை தோளை உதறினாள். முந்தானை விலகி அந்த வெள்ளைக் கைகள் தெரிந்தன. நடைபாதையில் இருந்த எறும்பெல்லாம் அவளை நோக்கித் திரும்பின. மணப்பெண்ணான இளவரசி அதைப் பார்த்துவிட்டு இலையிலிருந்த சர்க்கரைக் கையைப் பார்த்தாள். அதே பிறை, அதே தழும்பு.

"அப்பா, இதையா நம்ம விருந்தாளிங்க வாயில போடப்போறாங்க?" என்று கேட்டாள். ராஜா காவலர்களைக் கையமர்த்தினார். இளவரசி மணக்கோலத்தோடு தானே முதல் தட்டைத் தூக்கினாள். அப்புறம் யார் சும்மா நிற்பார்கள்? காவலர்கள் தூக்கினார்கள், சமையல்காரர்கள் தூக்கினார்கள்.

கடைசித் தட்டைத் தூக்க வந்த மணியக்காரர் முகம் வெளிறி நின்றார். "வடமலை, இந்த ஒண்ணுல இடது சுண்டு விரல் இல்லையப்பா. காலையில ருசி பார்த்தேன். ருசி பாக்கறது என் வேலை, எனக்கு எப்படித் தெரியும்?" என்று கையைப் பிசைந்தார். அவர்மேல் என்ன தப்பு? வடமலை அந்தத் தட்டையும் வாங்கிக்கொண்டு நடந்தான்.

ஆற்றில் பிச்சம்மை முழங்காலளவு தண்ணீரில் நின்றாள். ஒவ்வொரு சர்க்கரைக் கையாக வடமலை தண்ணீரில் வைத்தான். மொட்டு கரைந்தது, நார் கரைந்தது, பிறை கரைந்தது. தன் ஆயுளின் நல்ல வேலையெல்லாம் போவதை அவன் பார்த்துக்கொண்டு நின்றான். அதற்காக அழக்கூட அவனுக்கு நேரமில்லை. கடைசிக் கையும் கரைந்தபோது சூரியன் ஆற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. அச்சை விட்டான், மடியிலிருந்த மிச்சச் சட்டையையும் சேர்த்தே விட்டான்.

"ஐயோ, சுடுதே!" என்று கத்தினாள் பிச்சம்மை. அன்றைக்குத் தொட்ட கரண்டியின் சூடு இப்போதுதான் கைக்கு வந்து சேர்ந்தது. கையை உதறினாள், விரலை மடக்கினாள், நீட்டினாள், அழுதுகொண்டே சிரித்தாள். வெள்ளை போய் இரத்தம் ஓடியது. இடது சுண்டு விரல் மட்டும் அப்படியே நின்றது. தின்ற சர்க்கரை எப்படித் திரும்பும்?

மணமாலையை அவள்தான் கட்டினாள். இளவரசி முகூர்த்தத்தைத் தள்ளிவைத்துக் காத்திருந்தாள். விருந்துக்கு வடமலை பழைய மர அச்சைத் தூசு தட்டி எடுத்து, அலகு இல்லாத கிளியும் தந்தம் இல்லாத யானையும் வார்த்தான். பிள்ளைகள் யானைக்கு அடித்துக்கொண்டார்கள். இளவரசி சும்மா விடவில்லை, பிச்சம்மைக்கு அரண்மனைப் பூந்தோட்டத்தையே எழுதிக்கொடுத்தாள். இருவரும் குறையில்லாமல் வாழ்ந்தார்கள்.

குறையில்லாமல் என்றுதானே கதை சொல்கிறவர்கள் முடிப்பார்கள்? நானும் முடித்துவிடுவேன். ஆனால் அந்தச் சுண்டு விரல் நாரைப் பிடிக்காது. நான்கு முடிச்சு நின்றால் ஐந்தாவது நழுவும். அதனால் பிச்சம்மை பூக் கட்ட உட்கார்ந்தால் வடமலை பாகை இறக்கிவைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவான். அவள் சுண்டு விரல் பிடிக்க வேண்டிய நாரைத் தன் சுண்டு விரலில் சுற்றிப் பிடித்துக்கொள்வான். அவள் பேசிக்கொண்டே கட்டுவாள். எதை எதையோ பேசுவாள். "இன்னொரு தரம் கை வைக்கட்டுமான்னு அன்னைக்கே கேட்டேனே" என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

அவள் சொல்லாவிட்டால் என்ன? நார் விரலில் இறுகுகிற ஒவ்வொரு தரமும் வடமலைக்கு அது கேட்டது. செம்மணற்பட்டினத்தில் அப்புறம் பிச்சம்மை கட்டின சரமெல்லாம் அப்படி இரண்டு பேர் கையால் கட்டினதுதான். கல்யாணம் நன்றாக நடந்தது, கதையும் ஆற்றோடு போனது.