உருளையில் ஒரு கறுப்புப் புள்ளி

"தினமும் இதைப் படம் எடுக்கோமே, என்ன மேடம் கிடைச்சுது?" என்று கேட்டார் உலகநாதன்.

'இது' என்று அவர் சொன்னது தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் உருளையை. பக்கத்து அறையில் இருந்தது, எம்.ஆர்.ஐ. படம் பார்த்துக்கொண்டே புற்றுக்கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் எந்திரம். காலையில் முதல் நோயாளிக்கு முன்னால் அதில் படுப்பது இந்த உருளைதான். உருளையின் அளவு ஏற்கெனவே தெரியும். படத்திலும் அதே அளவு வந்தால், எந்திரம் காட்டுவதை அன்றைக்கு நம்பலாம்.

ஜெபசீலி பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஆஸ்பத்திரியின் தலைமை இயற்பியலாளர் அவர். வயது முப்பத்தெட்டு. சீடர் உலகநாதனுக்கு ஐம்பத்து நான்கு. பழைய எந்திரங்களோடு இருபத்தாறு வருடம் குப்பை கொட்டிய மனிதர். புதியதைப் பழக இரண்டு மாதமாக இவரிடம் வருகிறார். முணுமுணுத்துக்கொண்டே கற்கிறார்.

"நாப்பது நாளா எடுக்கேன். நாப்பது நாளும் சரியாத்தான் இருக்கு."

"இன்னைக்கு?"

"இன்னைக்கும் அப்படித்தான். வெளிய சொரிமுத்து ஐயா உக்காந்திருக்காரு. கணையத்துல கட்டி. வெறும் வயிறா வரச் சொல்லியிருக்கோம். கல்லிடைக்குறிச்சியில இருந்து மொத பஸ்ஸுல வந்திருக்காரு. எழுபது வயசு மனுசரை இந்த டப்பாவுக்காகக் காக்க வைக்கோம். பாவமா இருக்கு மேடம்."

அது பாசாங்கு இல்லை. உலகநாதனுக்கு நோயாளிகள் மேல் நிஜமான பாசம் உண்டு. அவருடைய அவசரமே அங்கிருந்துதான் வந்தது.

ஜெபசீலி திரையைப் பார்த்தார். உருளையின் இடது ஓரத்தில், கீழே, மிளகளவு கறுப்பு.

"இது என்ன?"

"குமிழி. தண்ணிக்குள்ள காத்து. உள்ள இருக்க தடுப்புல மாட்டிக்கிடும்."

"அப்படியா."

எழுந்து உள்ளே போனார். உருளையை இடம் வலமாகத் திருப்பி வைத்துவிட்டு வந்தார்.

"இப்ப எடுங்க."

உலகநாதன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எடுத்தார். படம் வந்தது.

குமிழியாக இருந்தால் உருளையோடு வலது பக்கம் போயிருக்க வேண்டும். புள்ளி இடது ஓரத்திலேயே இருந்தது.

அப்படியென்றால் கோளாறு உருளைக்குள் இல்லை, வெளியே.

இருவரும் உள்ளே போய் உருளையை எடுத்தார்கள். படுக்கை மெத்தையின் தையலை ஜெபசீலி விரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் குத்தியது. உடைந்த ஊக்கு முனை. நகத்தளவுகூட இல்லை. யாருடைய சேலையிலிருந்தோ, தாலிச் சரட்டிலிருந்தோ விழுந்திருக்கும்.

எந்திரத்தின் காந்தத்துக்குள் அவ்வளவு சின்ன இரும்பு போதும், படம் வளைந்துவிடும். உள்ளிருக்கும் உறுப்பு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளித் தெரியும். கணையத்தை ஒட்டியே குடல் இருக்கிறது. கதிருக்கு அது கட்டி, இது குடல் என்றெல்லாம் தெரியாது.

முனையை எடுத்த பிறகு மூன்றாவது படம். புள்ளி இல்லை.

"நல்ல வேளை, கண்டுபிடிச்சாச்சு," என்றார் உலகநாதன். "ஐயாவைக் கூப்பிடட்டுமா?"

"ம்."

ஜெபசீலி பதிவேட்டில் அன்றைய பக்கத்தை எழுதத் தொடங்கினார்.

உலகநாதன் கதவு வரை போனார். கைப்பிடியில் வைத்த கை அப்படியே நின்றது. அவர் மனதில் இருந்தது வேறு யாருக்கும் தெரியாது. வாயைத் திறக்காமல் இருந்தால் இனியும் தெரியப்போவதில்லை.

"மேடம்."

"சொல்லுங்க."

"அந்தப் புள்ளி நேத்தும் இருந்துச்சு. குமிழின்னு நெனச்சு நானே விட்டுட்டேன்."

பேனா நின்றது.

"நேத்து யார் யாருக்குக் கொடுத்தோம்?"

"சொரிமுத்து ஐயா ஒருத்தருக்குத்தான்."

ஜெபசீலி திட்டவில்லை. நேற்றைய படங்களைத் திரையில் திறந்தார். டாக்டருக்குப் போன் செய்தார். நேற்றைய கதிர் எங்கே எவ்வளவு விழுந்தது என்று கணக்கிட்டுப் பார்க்கும்வரை சிகிச்சை வேண்டாம் என்று முடிவானது.

பிறகு எழுந்து வந்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

உலகநாதன் வெளியே போனார்.

பெஞ்சிலிருந்து சொரிமுத்து எழுந்தார். "கூப்பிட்டியளா சார்? பச்சத் தண்ணி பல்லுல படாம வந்திருக்கேன்."

உலகநாதன் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்.

"மொதல்ல ஒரு காப்பி குடிங்கய்யா," என்றார். "நேத்து நான் பண்ணின தப்பைச் சொல்லுதேன்."