பஸ் ஏறிய யானையும் ஓரத்தில் ஓர் ஆடும்

"டீச்சர், என் யானையைக் கொன்னுட்டாங்க" என்றார் இருதயராஜ்.

நாகஜோதி நிமிரவில்லை. ஒரு பையன் வரைந்த சூரியன் பச்சையாக இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சூரியன் ஏண்டா பச்சை?"

"மஞ்சள் தீர்ந்துபோச்சு டீச்சர்."

"சரி" என்றாள். அப்புறம்தான் திரும்பினாள். "சொல்லுங்கண்ணே. யாரு கொன்னா?"

இருதயராஜுக்கு வயது நாற்பத்தொன்று. நாகஜோதிக்கு இருபத்தேழு. அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். அவர்கள் ரெண்டு பேருக்கும் அதில் கஷ்டம் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் கஷ்டம்.

அவள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். ஆபீஸ் கிடையாது, மாதச் சம்பளம் கிடையாது. வேலை வந்தால் வரைவாள், வராவிட்டால் வரும்வரை தனக்கே வரைந்துகொள்வாள். சனிக்கிழமை காலையில் வகுப்பு. இடம், திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹால். ஆடி மாதம் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, ஹால் சும்மா கிடக்கும். பந்தியில் இலைக்கு அடியில் விரிப்பார்களே வெள்ளைப் பேப்பர் ரோல், அதை மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை உருட்டிவிடுவாள். எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து வரைவார்கள். சாம்பார் வாசனை மட்டும் எப்போதும் இருக்கும்.

இருதயராஜும் அந்த வரிசையில்தான், பிள்ளைகளுக்கு நடுவில், முட்டி இடிக்க உட்காருவார்.

முன்னே மச்சினனின் ப்ளெக்ஸ் கடையில் இருந்தார். காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி. எல்லா முகத்தையும் ஒரே சிவப்பாக மாற்றுகிற வேலை. வெறுத்துப்போய் வெளியே வந்தார். இப்போது முதல்முறையாக ஒரு புத்தகத்தின் அட்டை கையில் இருக்கிறது. குழந்தைகள் புத்தகம். பெயர் 'பஸ் ஏறிய யானை.'

இந்த அட்டை தேறாவிட்டால் திங்கட்கிழமை கடைக்குத் திரும்பிவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மச்சினன் அவருடைய நாற்காலியைத் துடைத்தே வைத்துவிட்டான்.

"சென்னையில எடிட்டர் மேடம்தான் டீச்சர். யானை சிரிக்கணும்னாங்க. சிரிக்க வச்சேன். ரொம்ப சிரிக்குதுன்னாங்க. குறைச்சேன். கண்ணைப் பெருசாக்குங்கன்னாங்க. தந்தத்தைச் சின்னதாக்குங்கன்னாங்க. எல்லாம் செஞ்சாச்சு. இப்போ ஏதோ குறையுது சார்ங்கிறாங்க. என்ன குறையுதுன்னு கேட்டா அவங்களுக்கே தெரியலையாம்."

பிரிண்ட் எடுத்து வந்த படத்தை மேசையில் வைத்தார். பக்கத்திலிருந்த ரிஸ்வானா எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், யானை ஆதார் கார்டுக்கு போட்டோ எடுக்கப் போகுதா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. நாகஜோதி சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு மதியத்துக்குள்ள கடைசியா ஒண்ணு அனுப்பச் சொல்லியிருக்காங்க" என்றார் அவர். "அதுவும் சரியில்லைன்னா பெங்களூர்ல வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். நான் என்ன செய்யட்டும்?"

"ஒரு ஆடு போடுங்க."

"எங்க?"

"எங்கயாவது. ஓரமா."

"கதையில ஆடே இல்லையே டீச்சர்."

"அதுக்குத்தான்."

அவர் முழித்தார்.

"தொழில்ல இருக்கிற பழக்கம்ண்ணே. நிறைய பேரு செய்வாங்க, வெளியில சொல்ல மாட்டாங்க. ஒரு படத்தைக் குடுத்தா, அதுல எதையாவது எடுக்கச் சொன்னாத்தான் அவங்க பார்த்ததா அர்த்தம். எடுக்குறதுக்குன்னே ஒண்ணை நாம வச்சுட்டோம்னா அதை எடுக்கச் சொல்லிட்டு மத்ததை விட்டுடுவாங்க. போன வருஷம் ஒரு கணக்குப் புத்தகத்துக்கு வரைஞ்சேன். ஒரு முக்கோணத்து மேல தவளையை உட்கார வச்சேன். தவளையைத் தூக்கச் சொன்னாங்க. மிச்சப் புத்தகம் பூரா ஓகே."

"ஏமாத்துற மாதிரி இருக்கே டீச்சர்."

"ஏமாத்துறதுதான்."

அவர் யோசித்தார். நேரம் இல்லை.

"ஆட்டை எப்படி வரையணும்?"

"எப்படியோ வரைங்க. எப்படியும் வெளிய போகப்போற ஆடு."

சொல்லிவிட்டு அவள் பச்சைச் சூரியனுக்குப் போய்விட்டாள்.

மண்டபத்து வாட்ச்மேன் டீ கொண்டுவந்து வைத்தார். இருதயராஜ் டம்ளரை ஓரமாகத் தள்ளினார். ரோல் பேப்பரில், கையில் அகப்பட்ட கறுப்புப் பேனாவால் ஆரம்பித்தார்.

யானையை வரையும்போது அவருக்குப் பரீட்சை எழுதுகிற முகம். ரப்பரால் தேய்ப்பார், பெருமூச்சு விடுவார், மறுபடி தேய்ப்பார். ஆட்டுக்கு அந்த முகமே இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. கால் ஆடிக்கொண்டிருந்தது.

ஆடு பின்னங்காலில் எழுந்து நின்றது. முன்னங்கால் ரெண்டையும் பஸ் பம்பரில் ஊன்றியது. பஸ்ஸின் ஊர்ப் பலகையைத் தின்றது. ஒரு மூலை ஏற்கெனவே வயிற்றுக்குள் போயிருந்தது. வால் மேலே தூக்கியிருந்தது. ஒற்றைக் கண் மட்டும் பார்க்கிறவனைத் திரும்பிப் பார்த்தது, உனக்கென்னடா என்று.

வரைந்து முடித்ததும் அவரே சிரித்துவிட்டார்.

கத்தரியால் வெட்டி, பிரிண்டின் ஓரத்தில் பசையைத் தொட்டு ஒட்டினார். போனில் படம் பிடித்து அனுப்பினார். அப்புறம் டீயை எடுத்தார். இன்னும் சூடாக இருந்தது.

நீல டிக் விழுந்தது.

பதில் இல்லை.

அவர் போனையே பார்த்தார். பிள்ளைகள் அவரையே பார்த்தார்கள். நாகஜோதி மட்டும் பிரஷ் கழுவினாள்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், படத்துல ஒரு ஆடு இருக்கே?"

அவர் டீச்சரைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஆமா மேடம். எடுத்துடறேன் மேடம். ஒரே நிமிஷம்..."

"ஐயோ, தொட்டுடாதீங்க! இங்க ஆபீஸே அதைத்தான் பார்த்துட்டு இருக்கு."

அவர் வாயை மூடினார்.

"சார், ஒண்ணு கேக்கிறேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்த ஆட்டை வரைஞ்ச ஆள் உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"ஏன் மேடம்?"

"யானையையும் அவரையே வரையச் சொல்ல முடியுமா?"

ரிஸ்வானா கத்துவதற்கு வாயைத் திறந்தாள். பச்சைச் சூரியன் பையன் அவள் வாயைப் பொத்தினான்.

இருதயராஜ் தொண்டையைச் செருமினார்.

"கேட்டுப் பார்க்கிறேன் மேடம்."

"செய்வாரா?"

"கொஞ்சம் கிறுக்கன். ஆனா செய்வாரு."

போனை வைத்ததும் ஹால் வெடித்தது. மேசையைத் தட்டினார்கள். கலர் டப்பா ஒன்று கவிழ்ந்தது. நீலம் பேப்பரெல்லாம் ஓடியது.

அவர் எழுந்தார். "டீச்சர், நீங்க சொன்னது நடக்கலை. ஆட்டை எடுக்கச் சொல்லலை. யானையை எடுக்கச் சொல்றாங்க."

"கேட்டுச்சு."

"இது தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

நாகஜோதி பிரிண்டைக் கையில் எடுத்தாள். நகத்தால் ஆட்டை மெல்லப் பிய்த்துத் தனியாக வைத்தாள். மிச்சத்தைக் கசக்கி, மேசையில் ஓடிய நீலத்தை அதைக்கொண்டே துடைத்தாள்.

பல வாரத்து யானை.

அவள் புது வெள்ளைப் பேப்பரை அவர் முன்னால் உருட்டிவிட்டாள். நடுவில் ஆட்டை வைத்தாள்.

அவர் உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். பரீட்சை முகம் திரும்பி வந்துவிட்டது.

"இதுதான் கடைசி டீச்சர். பார்த்து ஜாக்கிரதையா வரையணும்."

"அண்ணே, ஆட்டுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"என்ன, ஒரு டீ ஆறுற நேரம்கூட ஆகலை."

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். "வாட்ச்மேன் அண்ணே! அண்ணனுக்கு இன்னொரு டீ!"

இருதயராஜ் அவளையே பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். ஆடு அவரைப் பார்த்தது, உனக்கென்னடா என்று.

அவர் தோள் கீழே இறங்கியது. ரப்பரை எடுத்து ரிஸ்வானா பக்கம் தள்ளிவிட்டார்.

டீ வந்தது.

யானையின் முன்பாதி பஸ்ஸுக்குள் போய்விட்டது. பின்பாதி வாசலில் மாட்டிக்கொண்டது. பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்டக்டர் ரெண்டு கையாலும் யானையைப் பின்னாலிருந்து தள்ளினார், விசில் வாயிலேயே இருந்தது. ஜன்னல் வழியாகத் தும்பிக்கை வெளியே நீண்டு, ஆட்டிடமிருந்து பலகையைப் பிடுங்கியது. யானைக்கு முகமே தெரியவில்லை. ஆனால் அது சிரிக்கிறது என்று ஹாலில் எல்லாருக்கும் தெரிந்தது.

அனுப்பினார்.

இந்த முறை போனைப் பார்க்கவில்லை. கவிழ்த்தும் வைக்கவில்லை. மேசையில் அப்படியே விட்டுவிட்டார். ரிஸ்வானாதான் எடுத்துப் படித்தாள், எழுத்துக் கூட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி.

"'அட்டை ஓகே. ஒண்ணும் மாத்த வேண்டாம்.' அங்கிள்! இன்னும் இருக்கு, இருங்க. 'அவர் பேர் என்ன? அட்டையில போடணும். உடனே சொல்லுங்க.'"

பிள்ளைகள் பெஞ்சில் ஏறிக் குதித்தார்கள். பச்சைச் சூரியன் பையன் வேட்டுச் சத்தம் போட்டான்.

"அங்கிள், என்ன பேர் போடட்டும்? சீக்கிரம் சொல்லுங்க, கேக்கிறாங்க!"

இருதயராஜ் டம்ளரை ரெண்டு கையாலும் எடுத்தார். ஊதினார்.

"இரும்மா. டீ சூடா இருக்கு."