எட்டு டேப்பட், இரண்டு இட்லித் தட்டு

ஏசடியானை மாசிலாமணி கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் பொன்மலை வீட்டுக் கார் ஷெட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பிரித்துப் போட்ட அம்பாசிடர் எஞ்சினிலிருந்து டேப்பட்களை ஒவ்வொன்றாக உருவி இட்லித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். குழிக்கு ஒன்று. தட்டுக்கு நான்கு குழி, ஆக இரண்டு தட்டு. மனைவி பிலோமினா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, சமையலறையிலிருந்து சொல்லாமல் தூக்கி வந்த தட்டுகள் அவை.

டேப்பட் என்பது கட்டைவிரல் அளவு இரும்புக் குப்பி. எஞ்சினுக்குள் கேம் என்ற தண்டு சுழலும். அதிலுள்ள எட்டு மேடுகள் எட்டு டேப்பட்டையும் முறை வைத்து மேலே தள்ளும். அப்படித் தள்ளினால்தான் வால்வு திறக்கும்.

"அடிப்பக்கத்தைத் தடவிப் பாரு மணி. தட்டையா இருக்கா?"

மாசிலாமணி தடவினார். தையல் மிஷின் பழுது பார்க்கிறவர். விரலுக்கு நிதானம் உண்டு. "தட்டையாத்தான் தெரியுதுண்ணே."

"தெரியும். ஆனா முடியளவு புடைச்சிருக்கும். அந்தப் புடைப்புலதான் அது சுத்திக்கிட்டே வேலை செய்யுது. இருபது வருஷமா ஒரே மேட்டோட உரசி, அது தேஞ்சதுக்குத் தக்கன இது தேஞ்சிருக்கு. எட்டும் எட்டுக் கல்யாணம்டா. ஜோடியை மாத்தினா ஒரே மாசத்துல ஒண்ணையொண்ணு தின்னுரும்."

பக்கத்தில் நின்ற கபூர் பாய், ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சிரித்தார். "எங்க வீட்டுல ஜோடி மாறாமலே முப்பது வருஷமாத் தின்னுக்கிட்டு இருக்கோம். எங்களை எந்தக் குழியில வைப்பீரு?"

ஏசடியானும் சிரித்தார். பிறகு, கோயிலிலிருந்து வந்து தட்டுகளைப் பார்த்துத் திகைத்து நின்ற பிலோமினாவையும் சாட்சியாக வைத்துக்கொண்டு சொன்னார்: "எனக்குக் கண்ணு மங்கிப் போச்சு, இனி ஓட்ட முடியாது. ரிங்கு, கேஸ்கட் மட்டும் புதுசு போடுங்க. வால்வுப் பக்கம் ஒரு சாமானும் புதுசு கூடாது. எதை எங்க எடுத்தமோ அங்கயே வைச்சா ஓடும். அப்படி ஓட்டிக் காட்டுறவன் வண்டியை வைச்சுக்கட்டும்."

மூன்றாம் நாள் காலையில் காப்பிக்கு எழுப்பினார்கள். அவர் எழவில்லை.

ஒரு மாதம் ஷெட்டை யாரும் திறக்கவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு உறவுக்காரர்கள் வருகிறார்கள், நாற்பது பேருக்கு இட்லி என்று பிலோமினா தட்டுகளைத் தேடிப் போனார். போனவர் தட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். சுத்தக்காரி. வீட்டுக்காரர் ஆசையாக வைத்த சாமான் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கிறதே என்று எட்டு டேப்பட்டையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துணியால் துடைத்து, வெள்ளிபோல மின்ன மின்ன ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி வைத்தார்.

மாசிலாமணி தூக்கைத் திறந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன மணி, பளிச்சுன்னு இல்ல?"

"பளிச்சுன்னுதான்க்கா இருக்கு. எது எந்தக் குழின்னுதான் தெரியல."

அவருக்கு அந்த வண்டி வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை துறையூரில் மகளுக்கு வளைகாப்பு. முடிந்ததும் அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். போன மாதமே சம்பந்தியிடம், "சொந்தக் கார்ல வர்றோம்" என்று வாய்விட்டாயிற்று. எனவே ஒரு பகல் முழுக்கப் பூதக்கண்ணாடியும் கையுமாக எட்டையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எட்டும் ஒரே முகமாக இருந்தன.

மூவரும் கூடிப் பேசினார்கள்.

பிலோமினா சொன்னார்: "எட்டு எடுத்தாரு, எட்டும் இருக்கு. கைக்கு வந்தபடி போட்டு மூடு. புதுசு கூடாதுன்னுட்டுப் போயிருக்காரு. செத்தவர் வாக்கை நான் மீற விடமாட்டேன்."

கபூர் பாய் சொன்னார்: "கண்ணாடிமேல எமரி பேப்பரை ஒட்டி, எட்டோட அடியையும் சமமாத் தேச்சுருவோம். பழைய தேய்மானமே இருக்காது. யார் ஜோடின்னு யாரு கேக்கப்போறா? சனிக்கிழமையே ஸ்டார்ட் பண்ணிரலாம்."

மாசிலாமணி தூக்கை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "கேமும் புதுசு, எட்டு டேப்பட்டும் புதுசு போடணும். பழைய கேம்ல புது டேப்பட் மட்டும் போட்டாலும் அதே சண்டைதான். கோயமுத்தூர்ல இருந்து வர பத்து நாளாகும்."

"ஞாயித்துக்கிழமை?" என்றார் கபூர் பாய்.

"போச்சு."

"புதுசு போட்டா அவரு சொன்ன பேச்சுப்படி வண்டியும் உனக்கு இல்ல, தெரியுமில்ல?" என்றார் பிலோமினா.

"தெரியுதுக்கா."

"அப்ப எதுக்குடா வாயைத் திறந்த?" என்று கபூர் பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

படிக்கிறவர்களே, ஒருவர் சொன்ன சொல்லைக் காக்கிறார், ஒருவர் நாளைக் காக்கிறார், ஒருவர் எஞ்சினைக் காக்கிறார். இந்த மூவரில் ஏசடியானின் வாக்கைக் காப்பாற்றியவர் யார்? வண்டி யாருக்குச் சேர வேண்டும்?

விடை: மாசிலாமணிக்கு. ஏசடியான் சொன்னது ஒரு வாக்கல்ல, இரண்டு: புதுசு கூடாது என்பது ஒன்று, ஓட்டிக் காட்டுகிறவனுக்கு வண்டி என்பது இன்னொன்று. எடுத்த இடத்திலேயே வைக்கலாம் என்பதால்தான் புதுசு வேண்டாம் என்றார். இடம் தெரியாமல் போனபின் முதல் பேச்சுக்குக் கால் இல்லை, மிஞ்சியது ஓட வைப்பதுதான். கைக்கு வந்தபடி போட்டால் ஜோடிகள் மாறும். எமரியில் தேய்த்தால் அடியிலிருக்கும் முடியளவு புடைப்பு போய்விடும், டேப்பட் சுற்றாது. கேம் மேட்டின் தேய்மானமோ அப்படியே இருக்கும். மாசிலாமணி இதை விளக்கிச் சொன்னதும் பிலோமினா உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து கொடுத்தார். மகள் அந்த ஞாயிறு பஸ்ஸில்தான் வந்தாள், சம்பந்தி இரண்டு முறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கார் எங்க நிக்குது?" என்று கேட்டார். கோயமுத்தூர்ச் சாமான் வந்தபின் மாசிலாமணி வண்டியை ஓட்டிக் காட்டினார். இப்போது கபூர் பாயும் இல்லை, பிலோமினாவும் இல்லை. வண்டி துறையூரில் மகள் வீட்டில் இருக்கிறது, ஓடுகிறது.