கிளி வாசிக்காத மிச்சம்

பறவைகள் பேசுவதோடு நில்லாமல் எழுதப் படிக்கவும் செய்த அந்தக் காலத்தில், ஓர் இலுப்பை மரத்தில் செம்மூக்கி என்றொரு கிளிக்குஞ்சு இருந்தது. எல்லாக் குஞ்சுகளுக்கும் முன்னால் எழுத்தைக் கற்றுக்கொண்ட கெட்டிக்காரி. பக்கத்துக் கிளை மைனாக்குஞ்சு மாதுளியோ, ஒரு வரி வாசிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

கெட்டிக்காரிக்கு ஒருநாள் சோம்பல் வந்தது. "மாது, அம்மா தந்த பாட ஓலையை நீயே வாசியேன், நான் கேட்டுக்கிறேன்" என்றது. கேட்டதை ஒப்பிக்கக் கிளிக்குச் சொல்லித் தர வேண்டுமா என்ன! அம்மா வந்ததும் ஓலையை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தது. அம்மாவுக்கு வாயெல்லாம் பல். கிளிக்கு ஏது பல் என்று கேட்காதீர்கள், அவ்வளவு பூரிப்பு.

தினமும் இதுவே வாடிக்கையாயிற்று. வாசிக்க வாசிக்க மாதுளிக்கு எழுத்து பிடிபட்டது. பிடிபட்டதும், இன்னோர் ஓலை கிடைக்காதா என்று அலைய ஆரம்பித்தது. செம்மூக்கிக்கோ விட்டுப்போன எழுத்து முரண்டு பிடித்தது. அதனால் ஓலையைத் தொடவே வெறுப்பு. தொடாமல் விட்டதில் தெரிந்ததும் மறந்து போயிற்று.

வேடன் நடமாட்டம் கண்டு, ஒரு விடியற்காலை அம்மா வேறு பொந்து தேடிக் கிளம்பினாள். தூங்கும் குஞ்சை எழுப்ப மனமில்லை. "தினை கிடக்கும், இறங்காதே. அது வலை" என்று ஓலையில் எழுதி, தான் எங்கே காத்திருப்பேன் என்பதையும் கீழே எழுதிச் செருகிவிட்டுப் போனாள்.

செம்மூக்கி பசியோடு விழித்தது. மாதுளி வரட்டும் என்று இருக்கலாம். ஆனால் தனக்குப் படிக்க வராது என்று தெரிந்துவிடுமே, வெட்கம். தானே எழுத்துக்கூட்டியது. "தி... னை." நடுவில் ஒரு சொல்லை விட்டுத் தள்ளியது. "இ... றங்..." அதற்குமேல் யார் மல்லுக்கட்டுவது?

"தினை இருக்கு, இறங்குன்னு எழுதியிருக்கா அம்மா!"

இறங்கிவிட்டது.

மாதுளி பறந்து வந்தபோது வலை இறுகியிருந்தது. அது ஓலையைப் பார்த்துப் பதறிப்போனது. "அடிப்பாவி! இறங்காதேன்னுல்ல எழுதியிருக்கு!"

"அம்மா எங்கே இருக்கான்னு எழுதியிருக்கா? மிச்சத்தை வாசிடி, மாது, வாசி!" என்று, வேடன் வந்து கூண்டில் அடைத்துத் தூக்கும்போது கதறியது செம்மூக்கி.

மாதுளி தொண்டை கிழிய வாசித்தது. அதற்குள் வேடன் கூண்டோடு ஓடி வெகுதூரம் போய்விட்டான். ஒரு சொல்கூடக் குஞ்சின் காதில் விழவில்லை.

அன்று முதல்தான், சோசியக்காரர் கூண்டைத் திறந்ததும் கிளி வெளியே வந்து, அம்மாவின் ஓலையைத் தேடிச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளுகிறது. இதுவாகத்தான் இருக்கும் என்று ஒன்றை அவர் கையில் கொடுத்து, வாசிக்கட்டும் என்று நிற்கிறது. அவர் யாருடைய கல்யாணத்தைப் பற்றியோ வாசிக்கத் தொடங்கியதும், கூண்டுக்குள் திரும்பிப் போய்விடுகிறது.