இடக்காதின் அறை

ஒரு தலையில் இரண்டு காதுகள் குடியிருந்தன. வலக்காது அக்கா, இடக்காது தங்கை. மூளை தன் வீட்டில் ஆளுக்கொரு அறை கொடுத்திருந்தது. கொண்டுவருகிற ஓசையை அவரவர் அறையில் இறக்கினால்தான் அது பேச்சாகும், பாட்டாகும்.

தலைக்குச் சொந்தக்காரி சகாயமேரி. ஐந்து வயதில் அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. தாய் அமலோற்பவம் தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி மகள் கழுத்தில் போட்டாள். வேப்பிலை அரைத்துப் பூசினாள். ஒன்பதாம் நாள் வீக்கம் வடிந்தது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்தக் காய்ச்சலில் இடக்காதுத் தங்கை செத்துப்போனது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. சகாயமேரிக்கே பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

இருபத்திரண்டு வருடம் தங்கை இருட்டில் கிடந்தாள். பிறகு ஒருநாள் மருத்துவர் காதைத் திறந்து, மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே வைத்தார்; அதற்கு மின்சாரம் தரும் கருவியைக் காதுக்கு வெளியே மாட்டினார்.

"எழுந்திரு" என்றது கம்பி. "ஓசையை மின்சாரமாக்கி நான் தருகிறேன். நீ கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்."

தங்கைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் சொல்லை அள்ளிக்கொண்டு ஓடினாள். தன் அறைக் கதவைத் திறந்தால், உள்ளே முழுக்க அக்காவின் சாமான்கள். கால் வைக்க இடமில்லை.

"யாரது?" என்றது மூளை.

"நான்தான். இது என் அறை."

"இருந்தது. நீ வரவேயில்லை. இடத்தைச் சும்மா போட்டுவைத்து எனக்குப் பழக்கமில்லை. உன் அக்கா தலையில் இரட்டை வேலை, அவளுக்கே கொடுத்துவிட்டேன்."

"திரும்பி வருவேன் என்று தோன்றவில்லையா?"

"நீ போனதையே யாரும் சொல்லவில்லையே! அப்போதே உன்னை எழுப்பியிருந்தால் எப்படியாவது இடம் பண்ணியிருப்பேன். அன்றைக்கு என் சுவரெல்லாம் ஈரம், இஷ்டத்துக்கு மாற்றலாம். இப்போது இறுகிக் கிடக்கிறது. வாசல் ஓரத்தில் இறக்கிவை, பார்க்கலாம்."

தங்கை வாசலில்தான் இறக்கினாள். வேறு என்ன செய்வாள்?

கருவியை ஆறு மாதம் போட்டுப் பார்ப்பது, சரிப்படாவிட்டால் கழற்றிவிடுவது என்று சகாயமேரி முடிவு செய்திருந்தாள். தினமும் நல்ல காதை அடைத்துக்கொண்டு உட்காருவாள். தாய் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லுவாள். தண்ணி, பால், சாவி. தங்கை மூச்சு வாங்க ஓடி ஓடிச் சுமந்தாள். ஒரு சொல்லாவது சொல்லாக உள்ளே போனால் போதும், பிழைத்துக்கொள்ளலாம். ஒன்றும் போகவில்லை.

ஆறாம் மாதக் கடைசியில் சகாயமேரி சொன்னாள்: "எம்மா, தகரத்தைச் சொரண்டுத மாதிரியே இருக்கு. நல்ல காதுல கேக்குததையும் சேத்துக் கெடுக்கு."

"இன்னும் ஒரு மாசம் பாரேன்ட்டி."

"போதும்மா. என்னால முடியலை."

கருவியைக் கழற்றி டப்பாவில் வைத்து மூடினாள். கம்பிக்கு மின்சாரம் நின்றது. தங்கையின் கைகால் மறுபடி மரத்துக்கொண்டு வந்தது.

அக்கா ஓவென்று அழுதாள். "உன் அறையை நான் கேட்டு வாங்கவில்லையடி! உனக்கு என்ன குறை வைத்தேன்? உன் பங்கு வேலையையும் நானேதானே பார்த்தேன்? பள்ளிக்கூடத்துக்குக் காது சோதிக்க நர்ஸ் வந்தாளே, உன் பக்கம் நின்று மணி அடித்தாளே, உனக்கு ஒரு குறையென்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று நான்தானே எட்டிப் பிடித்தேன்? பிள்ளையும் 'கேக்குது டீச்சர்' என்றது. இரண்டு காதும் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனாள்!"

"அப்போது பிள்ளைக்கு என்ன வயது?"

"ஆறு."

தங்கை கேட்டாள்:

"அன்றைக்கு ஒரு நாள் என்னைக் கைவிட்டிருக்கக் கூடாதா, அக்கா?"