கத்திரிக்காய்க்கும் பச்சை

குரு என்றதும் தாடியையும் காவியையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கதையின் குரு குணசீலனுக்கு முப்பத்திரண்டு வயது. முன்தலை வழுக்கை விழுந்த சாஃப்ட்வேர்காரன். சிஷ்யை பிரகாசிக்கு நாற்பத்தாறு. காற்று, புயல் என்றால் கடலில் இருக்கும் படகுகளுக்குச் சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்புவது மீனவர் சங்கத்தில் அவள் வேலை. அதற்கான புரோகிராம் எழுதச் சொல்லிக் கொடுத்தவன் குணசீலன். மாதம் ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பான்.

அன்று மூன்று மணிக்கு வந்தான். பிரகாசி ஒரு படிவத்தை நீட்டினாள். புரோகிராம் எழுதும் மென்பொருள் எப்படி இருக்கிறதென்று மேலிடத்தில் கேட்டிருந்தார்கள். நம்பலாமா, பத்துக்கு எத்தனை? புழங்க எளிதா, பத்துக்கு எத்தனை?

"ரெண்டுக்கும் பத்துப் போடட்டுமா சார்?"

"ஏன்க்கா?"

"தங்கமான சாமான் சார். பட்டனை அமுக்கினா பச்சை எரியும், 'ஓடியது'ன்னு வரும். எட்டு மாசமா எழுதுறேன், சிவப்பே வந்ததில்ல."

"ஒரு தடவகூடவா?"

"உங்க சிஷ்யையாச்சே!" என்று சிரித்தாள்.

குணசீலன் சிரிக்கவில்லை. எட்டு மாதம் தப்பே விடாமல் புரோகிராம் கற்றுக்கொண்ட ஒருவரை அவன் எங்கேயும் பார்த்ததில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து, கட்டளை இருக்க வேண்டிய இடத்தில் 'கத்திரிக்காய்' என்று தட்டினான். பட்டனை அமுக்கினான்.

பச்சை எரிந்தது. ஓடியது.

"இதென்ன சார் கூத்து?"

"நாம தப்பா எழுதினா இது சொல்லாதுக்கா. முழுங்கிட்டுப் பச்சை காட்டும்."

பிரகாசியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"சார், காலையில எச்சரிக்கை அனுப்பினேன்."

"எத்தனை மணிக்கு?"

"எட்டுக்கு. அஞ்சு மணிக்கு மேல பெருங்காத்து, எல்லாரும் கரைக்கு வந்துருங்கன்னு. பதினெட்டு படகு. நிஜக் காத்துக்கு அனுப்பினது இதான் மொத தடவ. ரெண்டு புதுப் படகோட பேரையும் அப்பதான் சேர்த்தேன்."

பேர் சேர்த்த வரியை அவன் தேடி எடுத்தான். அடைப்புக்குறி ஒன்று மூடாமல் கிடந்தது. அதனால் எதுவுமே ஓடவில்லை. பதினெட்டில் ஒரு படகுக்கும் செய்தி போயிருக்கவில்லை.

"அய்யோ மாதாவே! என் தம்பியும் போயிருக்கானே!"

வயர்லெஸ்ஸை எடுத்துக் கத்தினாள். ஒவ்வொரு படகின் பேரையும் சொல்லிக் கூப்பிட்டாள். படகுகள் இருந்தது கரையிலிருந்து ஏழு மணி நேரத் தூரத்தில். அவ்வளவு தூரம் வயர்லெஸ் எட்டாது என்பது அவளுக்கே தெரியும். இரைச்சல்தான் வந்தது. அடைப்புக்குறியை மூடிவிட்டு மறுபடி அனுப்பினாள். பச்சை எரிந்தது. போய்ச் சேர்ந்ததா இல்லையா, யாரைக் கேட்பது? சேர்ந்தாலும் இப்போது மணி மூன்றரை. பாவி, என்ன காரியம் செய்துவிட்டோம் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். வெளியே கொடியில் காய்ந்த துணிகள் படபடக்கத் தொடங்கியிருந்தன.

குணசீலன் யார் யாருக்கோ போன் போட்டான். கடலோரக் காவலுக்குச் சொன்னான். பார்க்கிறோம் என்றார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பிரகாசி தலையைத் தூக்கினாள்.

"சார், இதை வாங்கலாம்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

"நான்தான்."

"அன்னைக்கே இந்தக் கத்திரிக்காயைப் போட்டுப் பார்த்திருக்கலாம்ல?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு மாசம் எழுதிப் பார்த்தேன்க்கா. எப்பவும் பச்சைதான். ஒரு தப்புகூட நான் பண்ணல."