ஊஞ்சல் போட்ட வீட்டின் வாடகை

வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள் இந்தக் கதையை உட்கார்ந்து படிக்கவும். நின்றுகொண்டே படித்து மயக்கம் வந்தால் நான் பொறுப்பில்லை.

திருச்சி கருமண்டபத்தில் எட்டு வீடுகள் கொண்ட ஒரு பழைய அபார்ட்மெண்ட். முதல் மாடியில் சிவஞானம், அவன் மனைவி வளர்மதி, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள், சிவஞானத்தின் தம்பி திருமலை என நான்கு பேர். ஏறக்குறைய நாலு வருடத்துக்கு முன் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாடகைக்கு வந்தார்கள். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஐந்நூறு ஏறும். இப்போது ஒன்பதாயிரம். சிவஞானத்தின் சம்பளம் இருபத்து நாலாயிரம். திருமலைக்கு அதிலும் பாதிதான்.

வீட்டுக்காரர் பஞ்சாபகேசன் கும்பகோணத்தில் இருக்கிறார். வாடகை செல்போனில் போய்விடும், ஒப்பந்தத் தாள் கூரியரில் வந்து கூரியரில் திரும்பும். அவர் இந்தப் பக்கம் வந்து இரண்டு வருடமாகிறது. அதனால் போன தை மாதம் சிவஞானம் ஹாலில் ஒரு தேக்கு ஊஞ்சல் மாட்டியது அவருக்குத் தெரியாது. அந்தக் கட்டடத்தில் ஊஞ்சல் போட்ட வீடு அது ஒன்றுதான்.

ஐப்பசி பிறந்ததும் கீழ்வீட்டு ஆரோக்கியசாமி வீட்டைக் காலி செய்தான். வெல்டிங் பட்டறையில் வேலை பார்ப்பவன். அவன் வீட்டின் சொந்தக்காரர் வேறொருவர். எட்டாயிரத்து ஐந்நூறாக இருந்ததை ஒரேயடியாகப் பதினாலாயிரம் ஆக்கிவிட்டார் அவர்.

“பதினாலா? அவ்வளவு யாரு தர்றாங்களாம்?” என்று கேட்டாள் வளர்மதி.

“யாரோ தர்றாங்களாம்க்கா. ஓனர் சொல்றாரு” என்றான் அவன். சாமான்களைச் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கொழுந்தியாளின் ஒற்றை அறை வீட்டுக்குக் கூட்டிப்போனான். கீழ்வீட்டுக்கு இன்னும் யாரும் வரவில்லை. பூட்டித்தான் கிடக்கிறது.

அடுத்த வாரம் பஞ்சாபகேசன் போன் செய்தார்.

“இந்தத் தடவை பதினாலாயிரம்மா. முடியலேன்னா சொல்லிடுங்கோ, ஒரு மாசம் டைம் தரேன்.”

வளர்மதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மார்ச்சில் மகளுக்குப் பரீட்சை. “சார், எப்பவும் ஐந்நூறுதானே ஏத்துவீங்க?”

“அது பழைய கதை. உங்க பில்டிங்லயே ஒரு வீடு பதினாலுக்குப் போயிண்டிருக்கு. புரோக்கர் வைரவன் அந்த வீட்லயே உக்காந்து காபி குடிச்சுட்டு வந்து சொன்னார். ஹால்ல ஊஞ்சல்லாம் போட்டுண்டு ஜம்முனு இருக்காளாம். ஞாயித்துக்கிழமை நானே நேர்ல வந்து கையெழுத்து வாங்கிக்கறேன்.”

போனை வைத்த வளர்மதி ஊஞ்சலைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். சிவஞானத்தின் முகம் பேயறைந்தது போல் ஆகிவிட்டது.

நடந்தது இதுதான். ஐப்பசி பிறப்பதற்குப் பத்து நாள் முன்பு திருமலைக்குப் பெண் கொடுப்பவர்கள் வீடு பார்க்க வந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, “தண்ணி வசதி எப்படிங்க?” என்று மட்டும்தான் கேட்டார். வாடகையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிவஞானமாகத்தான் ஊஞ்சலில் சாய்ந்துகொண்டு, “தண்ணிக்குப் பஞ்சமே இல்ல. பதினாலாயிரம் வாடகை தர்றோம், சும்மாவா?” என்றான். பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தவர் பெண்ணின் தாய்மாமன். பெயர் வைரவன், தொழில் வீட்டு புரோக்கர். புரோக்கர் காதில் விழுந்த வாடகை வயிற்றில் தங்குமா? போகிற இடமெல்லாம் சொன்னார். அவர் மேல் தப்பில்லை, நேரில் கேட்டதைத்தான் சொன்னார்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை இவ்வளவு சுத்தமாகச் செய்து நான் பார்த்ததில்லை. அந்த ஊரில் பதினாலாயிரம் கொடுத்து அப்படி ஒரு வீட்டில் யாருமே குடியிருக்கவில்லை. எவனும் கொடுக்காத வாடகை ஒரே மாதத்தில் சந்தை விலை ஆகிவிட்டது. எனக்கே இன்னும் நெஞ்சு ஆறவில்லை.

அன்று மாலை மூன்று பேரும் அந்த ஊஞ்சலைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள ஊஞ்சலைக் கழட்டிடுவோம். அவரு பாத்தா விஷயம் பொண்ணு வீடு வரைக்கும் போயிடும். கடன உடன வாங்கிப் பதினாலு குடுத்துடலாம். கார்த்திகையில நிச்சயதார்த்தம், மானம் முக்கியம்” என்றான் சிவஞானம்.

“கழட்டக் கூடாது. வந்து பாக்கட்டும், அந்தப் பதினாலாயிரம் வீடு இதுதான்னு தானா புரிஞ்சுக்குவாரு. நம்ம வாடகை நிக்கும், பாப்பா இங்கேருந்தே பரீட்சை எழுதும்” என்றாள் வளர்மதி.

“ஊஞ்சல் இருந்தா என்ன, போனா என்ன? நான் பொண்ணு வீட்டுக்குப் போய் ஒன்பதாயிரம்தான்னு சொல்லிடறேன். சம்பந்தம் நின்னா நிக்கட்டும்” என்றான் திருமலை.

கதை இங்கே நிற்கிறது. கழற்றச் சொன்ன அண்ணன், விட்டுவைக்கச் சொன்ன அண்ணி, உண்மையைச் சொல்லிவிடப் போகிற தம்பி. இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: திருமலை என்று சொல்லியிருந்தால் உங்களுக்குப் பாதி மதிப்பெண். பொய் எந்தக் காதில் விழுந்ததோ, உண்மையும் முதலில் அங்கேதான் போக வேண்டும். வைரவன் வாயாலேயே பதினாலாயிரம் இறங்கினால் இந்த வீடு தப்பும். மீதிப் பாதி பூட்டிக்கிடக்கும் கீழ்வீட்டில் இருக்கிறது. இன்னொருவர் வந்து பால் காய்ச்சுவதற்குள் அதன் சொந்தக்காரரிடம் இதே உண்மையைச் சொன்னால், ஆரோக்கியசாமி எட்டாயிரத்து ஐந்நூறுக்கே திரும்பி வரலாம். அன்று மாலை மூன்று பேரும் மானத்தைப் பேசினார்கள், பரீட்சையைப் பேசினார்கள், சம்பந்தத்தைப் பேசினார்கள். ஆரோக்கியசாமியின் பெயரை ஒருவர்கூடச் சொல்லவில்லை. விடை தேடியபோது நீங்கள் சொன்னீர்களா?